டேங்க் கணக்கு

அன்றைக்குப் பதினான்கு டேங்க்.
டேங்குக்கு நாற்பத்தைந்து.
அறுநூற்று முப்பது ரூபாய்
இன்னும் வந்து சேரவில்லை.
முதலிலேயே சொல்லிவிடுகிறேன்,
கதையைக் கேட்டு முடித்தபின்
யாருக்கும் இது நினைவிருக்காது.

ஐப்பசி மழை விட்ட மூன்றாம் நாள்.
புதுவயலுக்குக் கிழக்கே, மடையடி வயலில்
சம்பாவை இலைச்சுருட்டுப் புழு பிடித்திருந்தது.
காற்று எந்தப் பக்கம் என்று
யாரும் நின்று பார்க்கவில்லை.
சேவுகன் முதுகில் பதினாறு லிட்டர்.
மூக்கில் ஈரத்துண்டு.
கையிலும் காலிலும் ஒன்றுமில்லை.

பதினோராவது டேங்கில் நாசில் அடைத்தது.
ஆறு வருடமாக எப்போது அடைத்தாலும் செய்வதைத்தான்
அப்போதும் செய்தான்.
கழற்றி, உதட்டில் வைத்து,
பிள்ளைக்குப் பீப்பி ஊதிக்காட்டுவதுபோல
ஒரு ஊதல்.
மிச்சம் மூன்று டேங்கையும் முடித்துவிட்டுத்தான் வந்தான்.

வந்தவன் சட்டையைக் கழற்றாமல் சுவரில் சாய்ந்தான்.
எச்சில் நிற்கவில்லை.
கிணற்றில் விழுந்து எழுந்தவன்போல் வேர்வை.
லைட்டைப் போடு என்றான்.
லைட் எரிந்துகொண்டிருந்தது.

காரைக்குடி ஆஸ்பத்திரியில்
வாசலில் இருந்து கட்டில் வரை ஒரே கேள்வி:
மருந்து குடிச்சாரா?
குடிக்கல. அடிச்சாரு.
அதான்மா, மருந்து குடிச்சாரா?

புழுவுக்குப் போவதும் மருந்து,
அவன் கையில் ஏறுவதும் மருந்து.
இருக்கிற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு
நான் எப்படிச் சாட்சி சொல்ல.

ஏட்டு வந்தார். வீட்டில சண்டையா?
முந்தின ராத்திரி ரசத்தில் உப்புக் கூடுதல் என்றான்.
நாளைக்கு நீங்களே வையுங்கள் என்றேன்.
இது சண்டையா ஐயா?
கடன் இருக்கா?
கடன் இல்லாதவர் யார் ஐயா இந்த வார்டில்,
உங்களையும் சேர்த்து.
(இதைச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.)

ராத்திரி டூட்டி டாக்டர் சின்னப் பெண்.
அவள் ஒருத்திதான் வேறு கேள்வி கேட்டாள்:
பாட்டில் இருக்கா?
கேரிபேக்கில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன்,
ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.
எறும்புக்கால் எழுத்தை டார்ச் அடித்துப் படித்தாள்.
மஞ்சள் முக்கோணத்தின் மேல் விரல் நின்றது.
பிறகு அவன் இமையைத் தூக்கினாள்.
கண்ணின் மணி
தாளிக்கிற கடுகளவு.

சட்டையைக் கத்தரித்து எடுத்தார்கள்.
சோப்புப் போட்டு உடம்பு முழுக்கக் கழுவினார்கள்.
அந்தச் சட்டையை
என் சேலையோடும் மகளின் யூனிபார்மோடும்
ஒரே வாளியில் ஊறவைத்தவள் நான்.
அதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அனுப்பினார்கள்.
முதலாளி ஆள்விட்டு ஆப்பிள் கொடுத்தார்.
குழாயடியில் எனக்கு வரிசையில்லாமல் வழிவிட்டார்கள்,
மெல்லிய குரலில் பேசினார்கள்.
மருந்து குடிச்ச வீடு.
குடிக்கல என்று
எத்தனை குடத்துக்கு எத்தனை தடவை சொல்வேன்.
இப்போது சொல்வதில்லை.

கார்த்திகையில் மறுபடி கூப்பிட்டார்கள்.
போகாதே என்று சொல்ல
எனக்கு வேறு கூலி தெரியாது.
கையுறை ஹார்டுவேர் கடையில் வாங்கினேன்.
அவன் சட்டைக்கென்று தனி வாளி,
அடியில் ஆணியால் கோடு கிழித்தது.
மகளின் தேய்ந்த டூத் பிரஷ்ஷை நூலில் கட்டி
டேங்க் வாரில் தொங்கவிட்டேன்.
பார்க்கிறவன் சிரிப்பான் என்றான்.
சிரிக்கட்டும்.

விடியலில் வரப்பில் நின்று
ஒரு பிடி பதரைத் தூக்கிவிட்டோம்.
அது போன பக்கம் பார்த்து
அவன் முதுகைக் காற்றுக்குக் கொடுத்தான்.

மூன்றாவது டேங்கில் நாசில் அடைத்தது.
கழற்றினான்.
கை
பழக்கத்தில்
வாய்வரைக்கும் போனது.

நான் கூப்பிடவில்லை.
கூப்பிட்டிருந்தாலும் குரல் வந்திருக்காது.

பிறகு அந்தக் கை
தோளைத் தடவி
நூலைத் தேடியது.